கவிதையில் இருந்தவருக்கு ஒரு படிவம்

மலையடிவார இலக்கியப் பேரவையின் அமைப்பு யாப்பில் பதினேழு விதிகள் இருந்தன. முதல் பதினாறையும் யாரும் வாசித்ததில்லை. பதினேழாவது மட்டும் உயிரோடு இருந்தது. விமர்சன அரங்கில் ஒரு கவிதை எடுத்துக்கொள்ளப்படும்போது அதை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பதே அந்த விதி. மற்றவர்கள் எல்லோரும் பேசலாம். கவிதையை வாசிக்காமல் வந்தவர்கள்தான் அதிக நேரம் பேசுவார்கள்.

அந்த விதியைக் கேள்விப்பட்டுத்தான் ரபாயேல் எங்கள் பேரவையில் சேர்ந்தார். இரத்தோட்டையில் புஹாரி முதலாளியின் பலசரக்குக் கிட்டங்கியில் அவருக்கு வேலை. மிளகு, கராம்பு, சாதிக்காய் மூட்டைகளின் வாயைத் தைத்து, மேலே மையால் அடையாளம் போடவேண்டும். நாற்பத்தொரு வயது. கல்யாணமில்லை. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் கபிரியேலின் ஒற்றை லயத்துக் காம்பராவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாக இருந்தவர், தனியாக இருக்கவேண்டும் என்ற ஒரே ஆசையில் கீழே இறங்கி, மார்கிரட் அக்கா வீட்டுப் பின்னறையை வாடகைக்குப் பிடித்தார். அறை ஏழடிக்கு எட்டடி. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும்தான் தனக்கு மூச்சு முழுதாக வருகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட வசனம் அது.

நான் சுந்தரலிங்கம். அரசாங்க எழுதுவினைஞன், பேரவையின் உப செயலாளர். கூட்ட அறிக்கையை எழுதுவது என் பொறுப்பு. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் இரத்தோட்டையில் எங்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மூடிக் கிடந்த ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக் கட்டிடத்தில் ‘குடியிருப்போர் பதிவு உப அலுவலகம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். தமிழ் ஆட்கள் பத்துப் பேர் கூடினால் என்ன பேசினார்கள் என்று அங்கே எழுதிக் கொடுக்கவேண்டும். ஆகையால் என் அறிக்கைக்கு மூன்று பிரதிகள். ஒன்று பேரவைக்கு, ஒன்று உப அலுவலகத்துக்கு, மூன்றாவது கறையானுக்கு. கறையான் மட்டும்தான் முழுதாக உள்வாங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது என் தவறு.

ஆவணி மாதக் கூட்டத்தில் ரபாயேலின் கவிதை வந்தது. ரோணியோவில் உருட்டி அடிக்கும் எங்கள் சஞ்சிகையில் அரைப் பக்கம்.

*பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில்*
*யாரும் உட்காராதபடி*
*பையை வைத்திருக்கிறேன்.*
*யாரும் உட்காரவில்லையே என்று*
*ஊர்வரைக்கும் வருந்துகிறேன்.*

*கல்யாண வீட்டு வாசலில்*
*செருப்புகளை எண்ணிவிட்டுத்*
*திரும்பி வந்தேன்.*
*எழுபத்திரண்டு சோடி.*
*என்னுடையதைக் கழற்ற இடமில்லை.*

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பேரவையில் தலைவர் பேசுவதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் பிடிப்பதில்லை. தலைவர் தர்மராஜா கல்வி உத்தியோகத்தர், இரண்டு பட்டங்கள், இரண்டையும் கடிதத் தலைப்பில் போடுவார். எழுந்து, துவாயால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நாற்பது நிமிஷம் பேசினார். முக்கியமான பகுதியை ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டேன்.

“சபையோரே! நவீன கவிதையிலே பேசுகிறவர் கவிஞர் அல்லர். அவர் கவிதைசொல்லி. முற்றிலும் வேறு ஆள். கவிஞருடைய அறையிலேதான் இருக்கிறார். கவிஞருடைய சோற்றைத்தான் தின்கிறார். ஆனால் அவர் யார் என்பது கவிஞருக்கே தெரியாது. மனிதரைக் கண்டு அஞ்சுகிறவர். வெளியே முகம் காட்டாதவர். அவரை ரபாயேலிடம் தேடாதீர்கள். ரபாயேலுக்கு அப்பால் தேடுங்கள்!”

பலத்த கைதட்டல். ரபாயேல் கடைசிக் கதிரையிலிருந்து பாதிக் கையை உயர்த்தினார். நான் பதினேழாம் விதியை நினைவூட்டும் விதமாக ஒரு பார்வை பார்த்தேன். கையை இறக்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் எனக்கும் ரபாயேலுக்கும் உப அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. மேசையில் பொலிஸ் சார்ஜன்ட் குலதுங்க, சிங்களவர். மன்னாரில் மூன்று வருஷம் இருந்து தமிழ் பழகியவர். முன்னால் என் அறிக்கையும் சஞ்சிகையும். சிவப்புப் பேனாவால் கோடு போடாத வரி ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் பேரவையில் யாரும் ஒரு கவிதையை அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“இந்த ஆள் பஸ்ஸில பேக் வைக்கிறது. ஏன் வைக்கிறது?”

“யாரும் பக்கத்துல ஒக்காரக் கூடாதுன்னுங்க” என்றார் ரபாயேல் தரையைப் பார்த்து.

“உக்காந்தா என்ன?”

“பேச்சுக் குடுப்பாங்க. பதில் சொல்லணுமேங்க.”

சார்ஜன்ட் சொல்லிக்கொண்டே எழுதினார்: “பதில் சொல்ல மறுக்கும் ஆள்.” பிறகு நிமிர்ந்தார். “சரி. பிறகு, யாரும் உக்காரல்ல எண்டு கவலைப்படுது. அது ஏன்?”

பேரவை இரண்டு மணித்தியாலம் பேசியும் அந்தக் கேள்வியின் பக்கம் போகவில்லை. சார்ஜன்ட் தானே பதிலைக் கண்டுபிடித்தார்: “வரவேண்டிய மற்ற ஆள் வரல்ல.” அதையும் எழுதிக்கொண்டார்.

“அது நாந்தாங்க. வேற ஆளே இல்லீங்க” என்றார் ரபாயேல்.

சார்ஜன்ட் என் அறிக்கையை எடுத்து ஆட்டினார். “தர்மராஜா மாத்தயா ரெண்டு டிகிரி. அரசாங்க உத்தியோகம். வேற ஆள் எண்டு அவர் சொல்றது. உங்க அறையில இருக்கு, உங்க சோறு சாப்பிடுது, வெளிய முகம் காட்டாது எண்டு சொல்றது. நீங்க மூட்டை தைக்கிற ஆள். நான் யாரை நம்புறது?”

விசாரணை முறைப்படி நடந்தது. முதலில் பஸ். ரபாயேலை மாத்தளை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து இருக்கையில் பையை வைக்கச் சொல்லி, பின்னிருக்கையில் துப்பாக்கியோடு ஒரு பொலிஸ் கொஸ்தாப்பலை உட்காரவைத்தார்கள். தோட்டத்து ஆட்கள் மிதிபலகைவரை தொங்கிக்கொண்டு வரும் பஸ் அது. அன்று மாத்தளைவரை அந்த இருக்கையில் ஒரு குஞ்சுகூட உட்காரவில்லை. கவிதையின் முதற்பகுதி உண்மை என உறுதிசெய்யப்பட்டது.

அடுத்தது செருப்பு. கவிதை எழுதப்பட்ட ஆனி மாதத்தில் அந்தப் பக்கம் நடந்த கல்யாணம் ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவர் இராமசாமி, பேக்கரிக்காரர். ஐம்பது பேர் கூடுவதற்கு அனுமதி எடுத்திருந்தார். கவிதையிலோ எழுபத்திரண்டு சோடி. மிச்சம் இருபத்திரண்டு பேர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று மூன்று நாள் அவரை வரவழைத்துக் கேட்டார்கள். நான்காம் நாள் அவர் நேரே கிட்டங்கிக்கு வந்தார். ரபாயேலின் மேல் பாய்வார் என்று பயந்தோம். பாயவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அழுவார்போல் கேட்டார்.

“ஒங்களுக்குப் பத்திரிக வச்சேனா இல்லியா? உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயிருக்கலாமேய்யா. செருப்ப எதுக்குய்யா எண்ணுனீங்க?”

ரபாயேல் ஊசியில் நூலைக் கோக்க நெடுநேரம் முயன்றுகொண்டிருந்தார்.

இதற்குள் ஊர் மாறிவிட்டது. ரபாயேல் நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அவருடைய சன்னலுக்குப் பின்னால் இரண்டாவது நிழல் தெரிந்ததாக மூன்று பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் இருமலே கேட்டாராம். நானும் ஒரு மாலை அந்த வழியாகப் போனபோது சன்னலை உற்றுப் பார்த்தேன். ரபாயேல் தனியே உட்கார்ந்து பேக்கரிப் பாண் தின்றுகொண்டிருந்தார். ஆனால் மேசையில் இரண்டு கோப்பை இருந்தது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

உத்தரவு வந்தது. மார்கிரட் அக்கா கொடுத்த குடியிருப்போர் பட்டியலில் பின்னறைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. ஏழு நாளுக்குள் மற்ற ஆளையும் பதியவேண்டும். தவறினால் அறை பூட்டப்படும். ரபாயேல் எல்கடுவைக்கு அண்ணன் பொறுப்பில் திருப்பி அனுப்பப்படுவார். மார்கிரட் அக்கா விதவை. நல்ல மனுஷி. நல்லவர்களுக்கும் பயம் உண்டு.

“தம்பி, நா சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்களால எனக்கு ஒரு கரச்சலும் இல்ல. மாதா சத்தியமா இல்ல. ஆனா அந்த மத்த ஆளப் பதியலேன்னா ஞாயித்துக்கெழம ரூம காலி பண்ணிருங்க.”

“மத்த ஆளே இல்லீங்களே அக்கா.”

“இல்லாத ஆளப் பதியிறதுல ஒங்களுக்கு என்னா நட்டம்?”

ரபாயேல் என் வீட்டுக்கு வந்தார். முதல்முறையாக. வாசலில் நின்றபடி, “சார், என்னய அங்க அனுப்பிறாம பாத்துக்குங்க” என்றார். “அண்ணன் நல்லவருதாங்க. அண்ணியும் நல்லவங்க. ஆனா அங்க பொரண்டு படுத்தா நாலு பேரு முழிச்சுக்குவாங்க. எனக்கு அந்த ரூமு வேணும் சார். வேற ஒண்ணும் வேணாம்.” அவரை மாட்டிவிட்ட அந்த அறிக்கை என் கையெழுத்தில் இருந்தது.

இருவரும் தர்மராஜாவிடம் போனோம். கவிதையில் வருகிறவர் ரபாயேல்தான் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதித் தரும்படி கேட்டோம்.

“ஐசே சுந்தரலிங்கம், என்ன கதைக்கிறீர்?” என்றார் அவர். “இருபத்தாறு வருஷமாய் நான் சொல்லிவாற கொள்கை இது. ஒரு சார்ஜன்டுக்காக மாத்தலாமோ? இலக்கியம் எண்டால் துணிவு வேணும்.” பிறகு சன்னலைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் தொடர்ந்தார். “அதோட யோசிச்சுப் பாரும். அது ரபாயேல் எண்டு நான் எழுதினால், சனத்தின்ரை செருப்பை எண்ணுற ஒரு ஆளைப் பேரவை வைச்சிருக்குது எண்டு வரும். வேற ஆள் எண்டால் பேரவைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனக்கு வாற வருஷம் பதவி உயர்வு இருக்குது. கவிதைசொல்லிக்கு என்ன இருக்குது? அவருக்குப் பென்சன்கூட இல்லை.”

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடி, கவிதைசொல்லியும் கவிஞரும் வெவ்வேறு ஆட்களே என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். மூன்று பிரதிகள். ரபாயேலுக்கு வாக்களிக்க உரிமை இருந்தது, பேசத்தான் உரிமையில்லை. அவரும் கையை உயர்த்தினார். எதற்கு உயர்த்தினார் என்று நான் கேட்கவில்லை. ஆதரவு என்று எண்ணிக்கொண்டேன்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? ஏழாம் நாள் படிவம் நிரப்பப் போனோம்.

“பேர்?” என்றார் சார்ஜன்ட்.

“பெயர் இல்லாதவர் என்று தலைவர்…” என்று இழுத்தேன்.

“பேர் இல்லாம படிவம் இல்லை.”

கூட வந்திருந்த மார்கிரட் அக்கா குறுக்கிட்டார். “எங்க வீட்டுக்காரர் பேரு சும்மாதானுங்களே கெடக்கு. செத்து ஆறு வருசமாச்சு. பஸ்தியாம்பிள்ளைன்னு போடுங்க.”

பஸ்தியாம்பிள்ளை என்று எழுதப்பட்டது. வயது நாற்பத்தொன்று. தொழில் இல்லை. வந்துபோவோர்: யாருமில்லை. நண்பர்: இல்லை. உறவினர்: இல்லை. இந்த இடத்தில் தங்கியிருக்கக் காரணம்: போக வேறு இடமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ரபாயேல் யோசிக்காமல் பதில் சொன்னார். அவர் அத்தனை சரளமாகப் பேசி நான் கேட்டதில்லை. புகைப்படத்துக்கு, ரபாயேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தையே ஒட்டினோம். நால்வரும் கையெழுத்திட்டோம், சார்ஜன்ட் உட்பட.

சார்ஜன்ட் படிவத்தைத் தூரத்தில் பிடித்து ரசித்து, சிங்களத்தில் மெச்சினார். “ஹரி ஷோக்! எல்லாரும் இப்பிடி இருந்தா எனக்கு வேலை இல்லை. ஒருத்தரையும் தெரியாது, ஒருத்தரும் வரமாட்டார், ஒருத்தரோடயும் பேசமாட்டார். நூத்துக்கு நூறு நல்ல மனுசன்.” ரபாயேலுக்கு அப்படி ஒரு சான்று கிடைத்ததே இல்லை. இதுவும் கிடைத்தது பஸ்தியாம்பிள்ளைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு பகல் சோதனை வந்தது. சாட்சிக்கு என்னையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வாசற் படலையடியில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்க, சார்ஜன்ட் பட்டியலோடு உள்ளே வந்தார். பட்டியலில் இரண்டு பேர். அறையில் ஒருவர்.

“ஒரு ஆள் குறையுது” என்றார் சார்ஜன்ட். “இவர் ரபாயேல் எண்டா, அந்த மற்ற ஆள் ஓடிட்டார். அப்ப ரபாயேல் எங்களோட வரணும்.” சிறிது நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இவர் பஸ்தியாம்பிள்ளை எண்டா கரச்சல் இல்லை. அவர் பைல் சுத்தம்.”

நான் பொய் சொல்லிப் பழகாதவன். அறிக்கைதான் எழுதுவேன். ஆனால் அந்த நேரம் வாயிலிருந்து தானாக வந்தது: “ரபாயேல் எல்கடுவைக்குப் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்கு. இவர் பஸ்தியாம்பிள்ளை.”

சார்ஜன்ட் ரபாயேலை மேலும் கீழும் பார்த்தார். “மாத்தயா, என்ட கண்ணுக்கு இவர் ரபாயேல் மாதிரித்தான். ஆனா கண் பாக்குறதை எழுத இந்தத் தாளில இடம் இல்லை” என்று சொல்லிச் சரி அடையாளம் போட்டார்.

அன்றிலிருந்து ரபாயேல் பஸ்தியாம்பிள்ளை ஆனார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்ததே இல்லை என்பதால் யாருக்கும் சிரமம் ஏற்படவில்லை. பேரவை ரபாயேலின் பெயரை அங்கத்தவர் பட்டியலிலிருந்து நீக்கியது. தர்மராஜா ‘ஊரை விட்டகன்ற கவிஞன்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சோதனை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சரி. ரபாயேலின் முகத்தில்கூடச் சற்றுத் தெளிவு வந்தது. அறை அவரிடம் இருந்தது.

நாங்கள் மறந்தது ஒன்று. ஒரு தாள் ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் இன்னொரு தாள் சரிபார்க்கும். ரபாயேல் வந்துசேர்ந்தாரா என்று எல்கடுவையில் கபிரியேலிடம் விசாரித்திருக்கிறார்கள். வரவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். புறப்பட்டுப் போனவர் வந்துசேரவில்லை என்றால், ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், அதுவும் மாத்தளைப் பக்கத்தில், ஒரு அண்ணனுக்கு என்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது ஞாயிறு. சார்ஜன்ட் பட்டியலில் பேனாவை வைத்திருந்தார். பின்வாசல் வழியாக ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டை முழுக்க வேர்வை. கையில் தோட்டத்தில் கொடுக்கும் தேயிலைத்தூள், கடதாசியில் சுற்றி. உள்ளே நிற்பவரைக் கண்டதும் கத்திவிட்டார்.

“தம்பி! அட எஞ் சாமி, உசுரோட இருக்கியாடா!” பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ரபாயேலின் தலையையும் முகத்தையும் தடவினார். “மூணு நாளா ஆஸ்பத்திரி, பொலிசு, ஒரு எடம் விடாம தேடுறேண்டா. ஒங்க அண்ணி சோறு திங்கல.”

ஏழடிக்கு எட்டடியில் நாங்கள் நாலு பேர்.

“இவர் உங்க தம்பியா?” என்றார் சார்ஜன்ட்.

தம்பி என்றால் படிவம் பொய். படிவம் பொய் என்றால் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும், சார்ஜன்டும்கூட, சிறைக்குள். சார்ஜன்டின் பேனா பட்டியலின் மேல் அசையாமல் நின்றது. அவர் மிரட்டுகிறாரா கெஞ்சுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே துப்பாக்கிக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள்.

ரபாயேல் அண்ணனின் கையைத் தன் முகத்திலிருந்து மெதுவாக எடுத்தார்.

“இவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

கபிரியேல் அவரைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். படலையடியில் நிற்பவர்களைப் பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க தொர. ஆள் மாறிப் போச்சு. எந் தம்பி இவர மாதிரியே இருப்பான். அதான்.”

போகத் திரும்பியவர் நின்றார். கட்டிலில் வைத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். தெரியாத ஒருவர் வீட்டில் தேயிலையை வைத்துவிட்டுப் போனால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்த வழியே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

சார்ஜன்ட் ‘உறவினர்: இல்லை’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘நேரில் உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூட மறந்து அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

ரபாயேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் தடவிய கன்னத்தைத் தானே ஒருமுறை தொட்டார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்.

“சார், அண்ணனுக்கு பஸ்ஸு கெடச்சிருக்குமா?”

சார்ஜன்ட் இன்னும் படலையைத் தாண்டியிருக்கவில்லை.

“எந்த அண்ணன்?” என்றேன் நான்.